வேலியை எங்கே போடுவது?

சீகிரியாவுக்கு வருவோர் குன்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அடிவாரத்துக் கமக்காரர் பார்ப்பதோ, இருட்டிய பின் வயலில் இறங்கும் யானையை. 2019 செப்டெம்பரில் இதற்கு அருகே, ஹிரிவடுன்னக் காட்டில், ஏழு யானைகள் இறந்து கிடந்தன. நஞ்சு வைக்கப்பட்டதாகவே சந்தேகம் எழுந்தது. 2023ஆம் ஆண்டில் மட்டும் நாடெங்கும் 450இற்கும் அதிகமான யானைகளும் 150இற்கும் அதிகமான மனிதர்களும் மாண்டனர்.

2009இன் பின் வன்னிக்குத் திரும்பிய குடும்பங்களுக்கும், மொறகஹகந்த நீர்த்தேக்கத்துக்காகக் காணியை விட்டு எழுந்தவர்களுக்கும் இது தெரிந்த துயரம்தான். கைவிட்ட வயல் சில ஆண்டுகளில் பற்றைக்காடாகிவிடும். உயர்ந்த காட்டைவிட இந்தப் பற்றையில்தான் யானைக்குத் தீனி அதிகம். முன்பு மாரியில் சேனை செய்து, அறுவடைக்குப் பின் நிலத்தைச் சும்மா விட்டோம். கோடையில் யானை அங்கே மேய்ந்தது. இன்று ஆண்டு முழுவதும் நாம் அங்கேயே இருக்கிறோம்.

யானையைக் காட்டுக்குள் விரட்டி வேலியடைத்தால் தீரும் என்றே நெடுங்காலம் நம்பினோம். 4,000 கிலோமீற்றருக்கும் அதிகமான மின்வேலி போட்டாயிற்று. அதில் பெரும்பகுதி திணைக்களங்களின் எல்லைக்கோட்டில் நிற்கிறது. வேலிக்கு இரு பக்கமும் யானை! உள்ளே அடைபட்ட பெண் யானைகளும் குட்டிகளும் மெலிய, பயிரை அழிக்கும் ஆண் யானை வெளியிலேயே திரிகிறது.

யானையை அடைப்பதை விட்டு, ஊரையும் வயலையும் சுற்றி வேலி போடுவதே சரி என்பது என் கருத்து. 2020இல் தயாரான தேசிய செயற்திட்டமும் இதையே வலியுறுத்தியது. ஊருக்கு நிரந்தர வேலி. வயலுக்கு விதைப்பு முதல் அறுவடை வரை மட்டும். பிறகு கழற்றிவிட்டால் அரிதாளை யானை தின்னட்டும். ஆனால் பராமரிப்பு நம்முடையது. நான் கண்ட ஒரு கிராமத்தில் இரண்டு குடும்பங்கள் தமக்குள் பேசாதிருந்தன. அவர்களுடைய காணிகள் சந்திக்கும் இடத்தில் புல் வளர்ந்து கம்பியைத் தொட்டு, மின்சாரம் நிலத்துக்குள் இறங்கிவிட்டது. யானை அந்த இடத்தால்தான் வந்தது.

வீட்டு மின்சாரத்தைக் கம்பிக்குக் கொடுக்காதீர்கள். முறையான மின்வேலி விட்டுவிட்டு அதிர்ச்சி தரும், கொல்லாது. வீட்டு மின்சாரமோ அயலவரின் பிள்ளையையும் கொன்றுவிடும். பன்றிக்கு வைக்கும் ஹக்கபட்டாஸும் அப்படித்தான். அதைக் கடித்த யானைக்குட்டி வாய் சிதைந்து, தின்ன முடியாமல் நாட்கணக்கில் கிடந்து சாகிறது.

குரங்குக்கு எந்த வேலியும் நில்லாது. 2025 மார்ச் 15ஆம் திகதி நாமும் காலை 8 மணிக்கு ஐந்து நிமிடம் தோட்டத்தில் நின்று எண்ணினோம். (எங்கள் தோட்டத்துக் குரங்குகள் எட்டரைக்குத்தான் வந்தன!) எண்ணிக்கை இருக்கட்டும், சீகிரியாவிலும் தம்புள்ளையிலும் பயணிகள் எறியும் சோற்றுப்பொதியை நிறுத்தி, குப்பைத் தொட்டிகளுக்கு மூடி போடச் சொல்லிக் கேட்போம்.

பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் திகதியோடு வேலி கட்டும் திகதியையும், எந்தக் குடும்பம் எந்தத் துண்டைத் துப்புரவாக்கும் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.