தபாலட்டையின் கீழே எழுதியது யார்?



போன வாரம் நமதூர் வட்ஸ்அப் குழுமம் ஒன்றில் ஒரு பழைய பிரெஞ்சுத் தபாலட்டை வந்தது. கழுத்து நிறைய நகையோடு ஒரு பெண் திண்டில் சாய்ந்திருக்கிறாள். "நூறு வருடத்துக்கு முந்திய அல்ஜீரிய முஸ்லிம் பெண்" என்று யாரோ எழுதி அனுப்பியிருந்தார். அவ்வளவுதான். "பார்த்தீர்களா, அந்தக் காலத்தில் அபாயா எங்கே இருந்தது?" என்று ஒரு தரப்பு. "இப்படி இருந்ததால்தான் நாடே அந்நியன் கைக்குப் போனது" என்று மறு தரப்பு. நடுச்சாமம் வரை சண்டை.

அன்று நான் வாய் திறக்கவில்லை. ஆனால் இந்த அட்டைகளைச் சேர்ப்பவன் என்ற முறையில் இரு தரப்புக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

கல்வியியற் கல்லூரியில் என்னோடு படித்த நண்பர் ஒருவர் இப்போது பரிஸில் இருக்கிறார். அங்குள்ள பழைய சாமான் சந்தைகளில் அல்ஜியர்ஸ் நகரத்து அட்டைகள் கண்ணில் பட்டால் எனக்கு வாங்கி அனுப்புவார். இப்போது என்னிடம் 31 இருக்கின்றன. "வேற வேலை இல்லையா சேர்?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, ஓர் அட்டை ஒரு பாடவேளைக்குப் போதும்.

முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பிரான்ஸில் 1903 டிசம்பர் வரை பின்பக்கம் முழுவதும் முகவரிக்கு மட்டுமே. செய்தியைப் படத்தின் ஓரத்தில்தான் நெருக்கி எழுத வேண்டும். அதன் பிறகுதான் நடுவில் கோடு போட்டு ஒரு பாதியைச் செய்திக்கு விட்டார்கள். முத்திரையும் பேசும். 1924 வரை அல்ஜீரியாவுக்கென்று தனி முத்திரை கிடையாது. பிரான்ஸின் முத்திரையே ஒட்டப்பட்டது. ஏனென்றால் அவர்களுடைய சட்டத்தில் அல்ஜீரியா இன்னொரு நாடு அல்ல, பிரான்ஸின் ஒரு பகுதி. படத்தின் மூலையில் 'என்.டி.', 'எல்.எல்.' என்று இருக்கும். நெர்தான், லெவி என்ற இரண்டு பெரிய பிரெஞ்சுப் பதிப்பகங்களின் அடையாளம் அது.

இனி படம். என்னிடம் அதிகம் இருப்பவை நகரத்தின் பெரிய சதுக்கத்தைக் காட்டும் அட்டைகள். 'அரசாங்கச் சதுக்கம்' என்று கீழே அச்சிட்டிருக்கும். நடுவில் ஓர்லெயான் கோமகனின் குதிரைச் சிலை, ஓரத்தில் 1660இல் கட்டப்பட்ட புதிய பள்ளிவாசல், அதன் மினாராவில் பிரெஞ்சுக்காரர் பொருத்திய மணிக்கூடு. பார்க்க அழகுதான். தரம் 9 பிள்ளைகளிடம் ஒருநாள் இதைக் காட்டினேன். பின்வாங்கில் இருந்த ஒரு மாணவி கேட்டாள்: "சேர், இவ்வளவு நெருக்கமான ஊருக்குள்ள இவ்வளவு பெரிய வெளி எப்படி வந்தது?"

அதுதான் கேள்வி. 1830இல் நகரத்தைப் பிடித்த பிரெஞ்சுப் படை, கஸ்பாவின் கீழ்ப்பகுதியில் வீடுகளையும் கடைகளையும் பள்ளிவாசல்களையும் இடித்து உண்டாக்கிய வெளி அது. இடிக்கப்பட்டவற்றில் ஒன்று அஸ்ஸையிதா பள்ளிவாசல். அதே இடத்தில் மெட்ரோ நிலையம் அமைக்கத் தோண்டியபோது அதன் அத்திவாரம் வெளிப்பட்டது. எந்த அட்டையும் இதைச் சொல்லாது. இன்னோர் அட்டையில் இரட்டைக் கோபுரக் கட்டடம் ஒன்றின் கீழ் 'தேவாலயம்' என்று இருக்கிறது. அது கெச்சாவா. 1832இல் முஸ்லிம்களிடமிருந்து பறிக்கப்பட்டு, 1962இல் நாடு சுதந்திரமடைந்ததும் மீண்டும் பள்ளிவாசலான இடம். அந்த அட்டை பொய் சொல்லவில்லை. அச்சிட்ட நாளில் அது தேவாலயம்தான். ஆனால் முழுக்கதையையும் சொல்லவில்லை.

இப்போது அந்தப் பெண்ணிடம் வருவோம். 1981இல் மாலிக் அல்லூலா என்ற அல்ஜீரிய எழுத்தாளர் இத்தகைய பெண் அட்டைகளைத் திரட்டி ஒரு நூலே எழுதினார். அவர் காட்டியது இதுதான்: திரைக்குப் பின்னால் இருந்த குடும்பப் பெண்களைக் கமராக்காரனால் நெருங்க முடியவில்லை. ஆகவே கூலிக்கு ஆள் பிடித்து, ஸ்டூடியோவுக்குள் உடையும் நகையும் மாட்டி, தான் பார்க்க விரும்பிய 'முஸ்லிம் பெண்ணை' உண்டாக்கினான். ஒரே பெண், ஒரே உடை, அட்டைக்கு அட்டை ஊர்ப்பெயர் மட்டும் வேறு.

அப்படியென்றால் குழுமத்தில் நடந்த சண்டைக்கு அடிப்படையே இல்லை. அந்தப் படம் அபாயாவுக்கு ஆதரவும் அல்ல, எதிர்ப்பும் அல்ல. ஒரு வியாபாரி விற்ற கற்பனையை வைத்துக்கொண்டு நம் வீட்டுப் பெண்களின் உடையைப் பற்றி, அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், நாம் அடித்துக்கொண்டோம்.

நண்பர் அனுப்பிய கட்டுகளில் அப்படி நான்கு அட்டைகள் வந்தன. ஒன்றிலும் பெயர் இல்லை. 'மோரெஸ்க்' என்று மட்டும் இருக்கிறது. மூர் இனப் பெண் என்று அர்த்தம். போர்த்துக்கேயர் நம் முன்னோருக்குச் சூட்டி, இன்றும் ஆங்கிலத்தில் நம்மைக் குறிக்கும் 'மூர்' என்ற பெயரும் இதுவும் ஒரே வேரிலிருந்து வந்தவை. இலங்கையின் பழைய அட்டைகளிலும் நம் ஆட்கள் பெயரில்லாத 'மூர்மேன்'கள்தான்.

நகரத்து அட்டைகளைத் தாராளமாகச் சேருங்கள், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள் என்பதே என் நிலைப்பாடு. இடித்தவன் எடுத்த படமென்றாலும் நமக்கு அது சாட்சியம். ஆனால் அந்தப் பெண்களின் அட்டைகளைப் பகிராதீர்கள். "மறைத்தால் வரலாறும் மறைந்துவிடுமே" என்று ஒரு சக ஆசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆராய்பவருக்கு நூலும் ஆவணக் காப்பகமும் இருக்கின்றன. பதில் சொல்ல முடியாத ஒரு பெண்ணை நூறு வருடம் கழித்து மறுபடியும் கைக்குக் கைமாற்றுவது வரலாறு அல்ல. என்னிடமுள்ள நான்கும் உறைக்குள் இருக்கின்றன. வகுப்பில் அவற்றைப் பற்றிச் சொல்வேன், காட்டமாட்டேன்.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டு அலுமாரியில் மூத்தம்மாவின் கல்யாணப் படமோ, பழைய பள்ளிவாசலின் படமோ இருக்கும். இன்றைக்கே எடுத்து, பின்பக்கத்தில் பென்சிலால் பெயர், ஊர், வருடம் எழுதி வையுங்கள். தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். நாம் எழுதாவிட்டால் வேறு யாரோ தமக்குத் தோன்றியதை எழுதுவார்கள். அதை நம்பி நம் பேரப்பிள்ளைகள் சண்டை பிடிப்பார்கள்.