மாட்டுக்கு வாக்கில்லை, நமக்குக் காணியில்லை

2024 செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தல், நவம்பரில் பாராளுமன்றத் தேர்தல். இரண்டு மாத இடைவெளியில் இரண்டு தடவையும் நாடு தேசிய மக்கள் சக்தியையே தெரிவு செய்தது. 225 ஆசனங்களில் 159 அவர்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அவர்கள் பக்கம் சாய்ந்தன. அவர்களால் வெல்ல முடியாத ஒரே மாவட்டம் மட்டக்களப்பு.

இப்போது சுற்றாடல் ஆர்வலர்கள் தங்கள் எதிர்பார்ப்புகளைப் பட்டியலிடுகிறார்கள். காட்டைக் காப்பாற்றுங்கள், யானையைக் காப்பாற்றுங்கள், மணல் அகழ்வை நிறுத்துங்கள், பொலித்தீனை ஒழியுங்கள் என்கிறார்கள். எல்லாமே நியாயமான கோரிக்கைகள்தாம். அரசும் ஜனவரி 1ஆம் திகதி 'கிளீன் ஸ்ரீலங்கா' என்று தொடங்கிவிட்டது. ஆனால் அந்தக் காட்டோரத்திலும் மலைச்சரிவிலும் வாழும் உழைப்பாளிகளுக்கு இந்தப் பட்டியலில் என்ன இடம் என்று நாம் கேட்கிறோம்.

இந்தக் கேள்வியோடுதான் பாடசாலை விடுமுறையில் சங்கத் தோழர்கள் சிலர் சித்தாண்டிக்குப் போனோம். தோட்டத்துக்கும் சித்தாண்டிக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். 1977 கலவரத்துக்குப் பின் மலையை விட்டுப் போன நம் சனம் வன்னியிலும் கிழக்கிலும்தான் ஒதுங்கியது. அது ஒரு தொடர்பு. மற்றது தண்ணீர். மகாவலி நமது மலையில் பிறக்கிறது. அந்த ஆற்றின் பெயரைச் சொல்லித்தான் மட்டக்களப்புப் பண்ணையாளரின் மேய்ச்சல் தரை பறிபோகிறது.

2023 செப்டெம்பர் 15ஆம் திகதி சித்தாண்டியில் பண்ணையாளர்கள் வீதியோரம் கொட்டகை போட்டு அறவழிப் போராட்டத்தில் அமர்ந்தார்கள். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைகளை மீட்டுத் தரும்படி கேட்டார்கள். ஓராண்டு கடந்து, ஆட்சியும் மாறியது. அவர்களின் கோரிக்கை மாறவில்லை.

விடயம் சிக்கலானதல்ல. பெரும்போகத்துக்கு வயல் விதைத்தால் மாடு ஊருக்குள் நிற்க முடியாது. பட்டியைச் சாய்த்துக்கொண்டு காட்டோரத் தரைக்குப் போக வேண்டும். அறுவடை முடிந்த பிறகு திரும்ப வேண்டும். தலைமுறை தலைமுறையாக வயலும் மாடும் இப்படித்தான் இடம் மாறி வாழ்ந்தன. அந்தத் தரையை மகாவலி வலயம் என்று சொல்லி, வெளி மாவட்டங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து, மரத்தை வெட்டி, எரித்து, சோளம் போடச் செய்தார்கள். மாடு போவதற்கு இடமில்லை. போன மாடு சூட்டுக் காயத்தோடு வருகிறது, அல்லது வருவதேயில்லை.

கொட்டகையில் இருந்த முதியவர் ஒருவர் சொன்னார்: "மாட்டுக்கு வோட்டு இல்லத்தானே தம்பி. இருந்திருந்தா எப்பவோ முடிச்சிருப்பாங்க."

எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. 1948இல் நமது குடியுரிமை பறிக்கப்பட்டது. அதைத் திரும்பப் பெறப் பல பத்தாண்டுகள் ஆயின. இன்று நமக்கு வாக்கு இருக்கிறது. ஆனால் லயத்து வாசலில் நடும் கறிவேப்பிலை மரத்தின் நிலம்கூட நமக்குச் சொந்தமில்லை.

மாடு காட்டை அழிக்கும் என்று சொல்லும் ஆர்வலர்களும் இருக்கிறார்கள். மாடு மேய்ந்த இடத்தில் மரம் நிற்கிறது. சோளம் போட்ட இடத்தில் சாம்பல்தான் கிடக்கிறது. அந்தச் சாம்பலுக்கு அங்கே கொண்டுவரப்பட்ட ஏழைச் சிங்கள விவசாயியை மட்டும் குற்றம் சொல்லி நாம் தப்பிக்கப் போவதில்லை. அவரையும் காணியற்றவராக வைத்திருந்து, இன்னொரு ஏழையின் தரையில் இறக்கிவிட்ட கொள்கையோடுதான் நமது சண்டை. எஞ்சிய காடுகளுக்குக் காவலாக இருந்த 5/2001 சுற்றறிக்கையை 2020 நவம்பரில் நீக்கியதும் அதே கொள்கைதான்.

சுற்றாடலின் பெயரால் உழைப்பாளி தண்டிக்கப்பட்டதும் நமக்குத் தெரியும். 2021இல் இரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடை செய்தார்கள். நாட்டைச் சேதனப் பசளைக்கு மாற்றப் போவதாகச் சொன்னார்கள். மலையில் கொழுந்து குறைந்தது, நிறை குறைந்தது. பெரட்டில் நின்ற பெண்ணின் சம்பளத்தில்தான் அந்தக் கணக்கு தீர்க்கப்பட்டது. அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மீரியபெத்தையை மறக்க முடியுமா? 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மண் சரிந்து லயங்களை மூடியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, போவதற்குக் காணி இருக்கவில்லை. காணி இல்லாதவனிடம் 'ஆபத்தான இடத்தை விட்டுப் போ' என்பது பரிகாசம். நமக்குச் சுற்றாடல் பிரச்சினை என்றால் அது காணிப் பிரச்சினைதான்.

'வளமான நாடு, அழகான வாழ்க்கை' என்று வாக்குக் கேட்ட அரசு இது. சித்தாண்டியில் போராட்டம் தொடங்கிய அடுத்த மாதம் ஹட்டன் பிரகடனம் வெளியிட்டதும் இவர்களே. அந்த நம்பிக்கையில்தான் நமது சனம் வாக்களித்தது. ஆனால் 'கிளீன் ஸ்ரீலங்கா' செயலணியில் முப்படைத் தளபதிகளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. தோட்டத் தொழிலாளிக்கோ மாடு வளர்ப்பவருக்கோ இடமில்லை. மலையை அறிந்தவளும் காட்டை அறிந்தவனும் இல்லாமல் எதைச் சுத்தம் செய்யப் போகிறார்கள்?

ஆகவே நமது கோரிக்கைகள் இவை. மயிலத்தமடு, மாதவனையை மேய்ச்சல் தரையாக வர்த்தமானியில் அறிவியுங்கள். அங்கு கொண்டுவரப்பட்டவர்களுக்கு அவரவர் மாவட்டத்தில் காணி கொடுங்கள். எஞ்சிய காடுகளுக்கு இருந்த பாதுகாப்பை மீண்டும் கொண்டுவாருங்கள். மண்சரிவு அபாயமுள்ள ஒவ்வொரு லயத்துக்கும் அடுத்த மழைக்கு முன் பாதுகாப்பான இடத்தில் உறுதியுடன் காணி கொடுங்கள்.

சுற்றாடல் ஆர்வலர்களுக்கு ஒன்று சொல்கிறோம். உங்கள் பட்டியலில் எங்களையும் சேருங்கள். நாங்கள் உங்களோடு தெருவில் நிற்போம். எங்களை விட்டுவிட்டுக் காட்டைக் காக்க உங்களாலும் முடியாது.

தோழர்களே, அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் சித்தாண்டிப் பண்ணையாளருக்கு ஆதரவுத் தீர்மானம் நிறைவேற்றுங்கள். நமது மலையிலிருந்து அங்கே போகும் தண்ணீரோடு நமது குரலும் போகட்டும்.