ராஜா நிற்கிறார், ஆளைக் காணோம்!

தென்காசி பஸ் நிலையம். செங்கோட்டை பஸ்சுக்கு இன்னும் 10 நிமிடம் இருக்கிறது. கடையைப் பூட்டிவிட்டு வந்த ஒருவர் செல்போனில் செஸ் ஆடிக்கொண்டிருக்கிறார். எதிராளி எந்த ஊரோ, என்ன வயதோ! திரையில் ஒரு கொடியும் ஒரு புனைபெயரும்தான் தெரிகின்றன.

ஆட்டம் முடியும் கட்டம். அடுத்து 'செக் மேட்'. எதிராளியின் கடிகாரத்தில் 7 நிமிடம் பாக்கி. ஆனால் காய் நகரவில்லை. ஒரு நிமிடம் போகிறது, இரண்டு நிமிடம் போகிறது. ஆளைக் காணோம்!

"எங்கல போனான்?" என்று எட்டிப் பார்த்த பையன் கேட்கிறான். எங்கேயும் போயிருக்க மாட்டார். தோற்கப்போவது தெரிந்துவிட்டது. 'நீ காத்துக் கிட' என்று போனைக் கவிழ்த்து வைத்திருப்பார்.

குற்றாலத்துக்காரர்களுக்கு இந்த ஆசாமியை விளக்க வேண்டியதில்லை. சீசனில் மெயின் அருவியில் தினமும் பார்க்கிற ஆள்தான். எண்ணெய் தேய்த்த தலையோடு பின்னால் நூறு பேர் நிற்பார்கள். இவர் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நகரவே மாட்டார். போலீஸ்காரர் விசில் ஊத வேண்டும். செல்போன் செஸ்சிலும் விசில் இல்லாமல் இல்லை. அடிக்கடி இப்படிச் செய்கிறவர்களை எச்சரிக்கிறார்கள். ஆனால் அந்த விசில் கேட்பதற்குள் பஸ் போய்விடும்!

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தோற்கிற நிலையிலும் கடைசிவரை ஆடுவது தப்பில்லை. "இன்னும் ஏன் ராஜினாமா செய்யலை?" என்று சிலர் சாட்டில் வைகிறார்களே, அதுதான் தப்பு. அவருடைய 7 நிமிடம் அவர் யோசிப்பதற்கு. அடுத்தவரைக் காயப்போடுவதற்கு அல்ல. வித்தியாசம் அவ்வளவுதான்.

நெட்டு போயிட்டு!

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஆடிக்காற்று அடிக்கிறபோது நம் பக்கத்தில் கரண்டு போகும், சிக்னல் போகும். "அண்ணாச்சி, நெட்டு போயிட்டு!" என்று நிஜமாகவே தவிக்கிறவர்களும் உண்டு. அங்கே இருக்கிறவருக்கு இது எப்படித் தெரியும்?

உலகப் போட்டியிலேயே இது நடந்தது. 2020-ல் கொரோனா காரணமாக செஸ் ஒலிம்பியாட் இணையத்தில் நடந்தது. கால் இறுதியில் இந்தியாவும் ஆர்மீனியாவும் மோதின. நம் நிஹால் சரினுடன் ஆடிய ஆர்மீனிய வீரரின் இணைப்பு அறுந்தது. ஆட்டம் நமக்கு வந்தது. ஆர்மீனியா அப்பீல் செய்தது. தள்ளுபடி ஆனது. கோபத்தில் அவர்கள் அடுத்த சுற்றுக்கே வரவில்லை.

இரண்டு நாள் கழித்து, ஆகஸ்டு 30. ரஷியாவுடன் இறுதிப்போட்டி. இம்முறை இணைப்பு அறுந்தது நிஹால் சரினுக்கும் திவ்யா தேஷ்முக்குக்கும்! இப்போது அப்பீல் செய்தது இந்தியா. உலக செஸ் சம்மேளனத் தலைவர் ட்வோர்கோவிச் இரு அணிகளுக்கும் தங்கம் என்று அறிவித்தார். அவரே ரஷியர் என்பதையும் மறக்கக் கூடாது. இந்தியாவுக்குக் கொண்டாட்டம். ஆர்மீனியாக்காரர் மனசு என்ன பாடுபட்டிருக்கும்? மாமியார் உடைத்தால் மண்குடம் கதைதான்.

ஆனந்தை வென்ற கோடீஸ்வரர்

இணைப்பு அறுவது விதி. பக்கத்தில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஆடுவது?

2021 ஜூன் 13, ஞாயிற்றுக்கிழமை. கொரோனா நிவாரணத்துக்கு நிதி திரட்ட, சென்னையின் விஸ்வநாதன் ஆனந்த் பிரபலங்கள் பலருடன் இணையத்தில் ஆடினார். 5 முறை உலக சாம்பியன் ஆனவர். அவரை அன்று தோற்கடித்தவர் யார் தெரியுமா? பங்கு வணிக நிறுவனமான 'ஜீரோதா'வை நிறுவியவர்களில் ஒருவரான நிகில் காமத்! ரசிகர்கள் நம்பவில்லை. ஆட்டம் நடந்த இணையதளம் அவர் கணக்கை மூடியது.

மறுநாளே காமத் ஒப்புக்கொண்டார். ஆட்டத்தை அலசியவர்களின் உதவியும் கம்ப்யூட்டர் உதவியும் தனக்குக் கிடைத்ததாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். ஆனந்த் என்ன செய்தார்? குதிக்கவில்லை. தான் பலகையில் இருந்த நிலையைப் பார்த்து ஆடியதாகவும், மற்றவர்களிடமும் அதையே எதிர்பார்த்ததாகவும் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிறகு கணக்கையும் திறந்துவிட்டார்கள்.

தர்ம காரியம்தானே, தமாஷ்தானே என்று அன்று சிலர் காமத்துக்காக வாதாடினார்கள். தமாஷ் என்றால் எதிரே இருக்கிறவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். ஆனந்துக்குத் தெரியாதே! அவர் பலகையைப் பார்த்துத்தான் ஆடினார்.

வீண்பழி

இந்தக் கள்ளாட்டத்தால் இன்னொரு வியாதியும் பரவிவிட்டது. தோற்றவர் எல்லாம், ஜெயித்தவரைத் "திருடன்" என்கிறார்.

விளாடிமிர் கிராம்னிக் சின்ன ஆள் இல்லை. ரஷியாக்காரர், முன்னாள் உலக சாம்பியன். 2008-ல் ஜெர்மனியின் பான் நகரில் நம் ஆனந்திடம் பட்டப்போட்டியில் தோற்றவர். அவர் அமெரிக்க கிராண்ட் மாஸ்டர் டேனியல் நரோடிட்ஸ்கி மீது, இணைய ஆட்டங்களில் கள்ளத்தனம் என்று திரும்பத் திரும்பச் சந்தேகம் கிளப்பினார். நரோடிட்ஸ்கி மறுத்தார். குற்றம் நிரூபிக்கப்படவும் இல்லை. 2025 அக்டோபரில் நரோடிட்ஸ்கி இறந்துபோனார். வயது 29தான். சாவுக்கு இதுதான் காரணம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் அவருடைய கடைசிக் காலம் அந்தப் பழியோடுதான் கழிந்தது. அடுத்த மாதமே உலக செஸ் சம்மேளனம் கிராம்னிக் மீது தன் ஒழுங்குக் குழுவிடம் புகார் கொடுத்தது.

சந்தேகம் வந்தால் புகார் செய்ய ஒரு பொத்தான் இருக்கிறது. அமுக்கினால் நகர்த்தல்களை எல்லாம் அவர்கள் சோதித்துப் பார்க்கிறார்கள். கள்ளாட்டம் நிரூபணமானால் கணக்கை மூடி, ஏமாந்தவர் இழந்த புள்ளிகளையும் திருப்பித் தருகிறார்கள். அதை விட்டுவிட்டு சாட்டில் அவன் அம்மாவை ஏன் இழுக்க வேண்டும்?

2024 டிசம்பர் 12-ந் தேதி சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனார். வயது 18. கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. டிங் லிரென் எழுந்து போன பிறகும் அந்தப் பையன் பலகையில் காய்களை எடுத்து, பழையபடி வரிசையாக அடுக்கிவைத்தான். செல்போனில் அந்த வேலைகூட இல்லை.

தென்காசியில் பஸ் வந்துவிட்டது. கடைக்காரர் ஒரு கையில் பையும் ஒரு கையில் போனுமாக ஏறுகிறார். எதிராளியின் கடிகாரத்தில் இன்னும் 2 நிமிடம் 40 வினாடி. "உள்ளே போங்க அண்ணாச்சி, வழியை மறிக்காதீங்க!" என்கிறார் கண்டக்டர்.