சிட்டையைப் பேரேடு ஆக்காதீர்கள்

பழைய மளிகைக் கடைகளில் இரண்டு கணக்கு இருக்கும். ஒன்று சிட்டை: அவ்வப்போது கை போன போக்கில் கிறுக்கி வைப்பது. இன்னொன்று பேரேடு: முறையாக எழுதி, நாலு பேர் முன்னால் விரித்து வைக்கக்கூடியது. சிட்டையைக் காட்டி வழக்குப் பேச வந்தால் யாரும் ஏற்க மாட்டார்கள். ஆனால் லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் இன்று அதுதான் நடக்கிறது. அதனால் இந்தப் பதிவு கொஞ்சம் காரமாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் என்ன நடக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்க்க ஒரு நல்ல உபாயம் உண்டு. டிஸ்க்கில் இல்லாத ஃபைல்கள் அவை. நாம் திறந்து படிக்கும் அந்த நொடியில்தான் கெர்னல் பதிலைத் தயாரித்துக் கொடுக்கும். 1984-லேயே பெல் லேப்ஸில் டாம் கில்லியன் யூனிக்ஸுக்காக எழுதிய 'ப்ராக்' இதன் முன்னோடி. லினக்ஸில் பிறகு வந்த 'சிஸ்எஃப்எஸ்' கட்டுப்பாடானது: ஒரு ஃபைலுக்கு ஒரே ஒரு மதிப்பு. இதுதான் பேரேடு.

2004 டிசம்பரில் கிரெக் க்ரோ-ஹார்ட்மன் 'டீபக்எஃப்எஸ்' என்று இன்னொன்றைக் கொண்டுவந்தார். பிழை தேடும் புரோகிராமர் எதை வேண்டுமானாலும் இதில் எழுதலாம், விதியே கிடையாது. ஓரிரு வரி எழுதினால் கெர்னலுக்குள் இருக்கும் ஓர் எண் வெளியே ஃபைலாகத் தெரியும். எந்தக் கடிகாரத் துடிப்பு எந்தச் சாதனத்துக்குப் போகிறது, எந்தப் பின் யார் வசம் இருக்கிறது என்றெல்லாம் ஒரே பார்வையில் பார்த்துவிடலாம். அருமையான சிட்டை. அதன் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

என் சண்டை அதைக் கடையின் முன்வாசலில் மாட்டுபவர்களோடு.

நான் கடைசியாக வேலை பார்த்த இடத்தில் சர்வர்களைக் கண்காணிக்க ஒரு சிறு புரோகிராம் இருந்தது. டீபக்எஃப்எஸ்ஸில் இருந்த பிழை எண்ணிக்கையைப் படித்துச் சொல்லும். கெர்னலைப் புதுப்பித்தோம், அந்த ஃபைல் காணாமல் போயிற்று. ஃபைல் இல்லை என்றால் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்ட புரோகிராம், "பிழை எதுவும் இல்லை" என்று மூன்று நாள் பச்சை விளக்குக் காட்டியது. அதற்குள் டிஸ்க் ஒன்று போய்விட்டது. அந்தப் புரோகிராமுக்குச் சரி என்று கையெழுத்துப் போட்டவன் நான்தான். ஃபைலை எடுத்த கெர்னல்காரர் மேல் குற்றமே இல்லை. நிலையாக இருக்கும் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லையே!

"டீபக்தானே சார், எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்" என்பார்கள். மாற்ற முடிந்ததா? 2011-ல் தடப் பதிவுகளிலிருந்து பயனற்றுப்போன ஒரு புலத்தை நீக்கினார்கள். அந்தப் பதிவுகளின் விவரம் அப்போது டீபக்எஃப்எஸ்ஸின் கீழேதான் இருந்தது. உடனே மின்செலவை அளக்கும் 'பவர்டாப்' உடைந்தது. கடைசியில் அந்த இடத்தில் வெற்று பைட்டுகளை வைத்து நிரப்ப வேண்டியதாயிற்று. நாலு பேர் படிக்க ஆரம்பித்துவிட்டால் சிட்டையிலும் அடித்து எழுத முடியாது.

பாதுகாப்பு இன்னொரு பக்கம். 2010-ல் டீபக்எஃப்எஸ்ஸில் இருந்த ஏசிபிஐ ஃபைல் ஒன்றின் அனுமதி 0222. அதாவது மெஷினுக்குள் நுழைந்த எவரும் எழுதலாம். அந்த வழியாகச் சாதாரணப் பயனாளர் நிர்வாகியின் அதிகாரத்தையே பிடிக்க முடிந்தது. கொல்லைக் கதவைத் திறந்து போட்டுவிட்டு முன்கதவுக்குத் திண்டுக்கல் பூட்டு வாங்கிய கதைதான். பிறகு டீபக்எஃப்எஸ் முழுவதையும் நிர்வாகி மட்டும் பார்க்கும்படி மாற்றினார்கள்.

அப்படியானால் சிட்டையைக் கொளுத்திவிடலாமா? கூடாது. அது இல்லாமல் பிழை தேடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசி கோப்பது போல. நான் கேட்பது மூன்றுதான்.

ஒன்று, விற்பனைக்குப் போகும் மெஷினில் அதை மூடிவிடுங்கள். ஆண்ட்ராய்டு 11-உடன் வெளிவரும் போன்களில் வாடிக்கையாளர் கைக்குப் போகும் பதிப்பில் டீபக்எஃப்எஸ் கூடாது என்று விதியே வைத்தார்கள். மற்றவர்களுக்கு என்ன தயக்கம்?

இரண்டு, ஒரு தகவல் பலருக்கும் தினசரி தேவை என்று தெரிந்தால் பேரேட்டுக்கு மாற்றுங்கள். விளக்கம் எழுதி வையுங்கள். 2015-ல் ஸ்டீவன் ரோஸ்டெட் தடப் பதிவுகளை 'ட்ரேஸ்எஃப்எஸ்' என்று தனிக்குடித்தனம் வைத்தாரே, அதுபோல.

மூன்று, பதில் வராததைப் பூஜ்யம் என்று எழுதாதீர்கள். "தெரியவில்லை" என்று சொல்லும் புரோகிராம், பொய்யாகப் பச்சை விளக்குக் காட்டும் புரோகிராமைவிட ஆயிரம் மடங்கு மேல்.

மூன்றாவதை நான் கற்றுக்கொள்ள ஒரு டிஸ்க் செலவாயிற்று. இளைஞர்களுக்கு இலவசமாகவே தருகிறேன்.