ரெம்பிராண்ட் பார்த்த தாள்

மியூனிக்கின் ஆல்டே பினாகோதெக் அருங்காட்சியகத்தில் ரெம்பிராண்ட் தீட்டிய ‘சிலுவையிலிருந்து இறக்குதல்’ இருக்கிறது. ஒரு மீட்டர் உயரம்கூட இல்லாத பலகை ஓவியம். 1630களின் தொடக்கத்தில் ஆரஞ்சு இளவரசர் ஃப்ரெடரிக் ஹென்ட்ரிக்குக்காகத் தீட்டப்பட்டது. சிலுவையில் சாய்ந்த ஏணி, மேலிருந்து தொங்கும் வெள்ளைத் துணி, அதைத் தாங்கும் கைகள் என்ற அந்த அமைப்பு ரூபன்ஸிடமிருந்து வந்தது.

ஆண்ட்வெர்ப் பேராலயத்துக்காக ரூபன்ஸ் 1612–14இல் இதே காட்சியைத் தீட்டிய பலிபீட ஓவியம் நான்கு மீட்டருக்கும் அதிக உயரம். அதை 1620இல் லூக்காஸ் வோர்ஸ்டர்மன் செப்புத்தகட்டில் செதுக்கினார். தன் ஓவியங்களின் அச்சுப்படங்களை வேறு யாரும் போலியாக அச்சிடக் கூடாது என்று டச்சுக் குடியரசிடம் ரூபன்ஸ் அதே ஆண்டு உரிமையும் பெற்றார். மறு ஆண்டே ஸ்பெயினுடனான பன்னிரண்டாண்டு போர்நிறுத்தம் முடிந்தது. ஹாலந்துக்கு ஆண்ட்வெர்ப் எதிரியின் நகரமாயிற்று. ஆனால் காகிதத்துக்கு எல்லை ஏது? வோர்ஸ்டர்மனின் தாள் வழியாகத்தான் ரூபன்ஸின் அமைப்பு ரெம்பிராண்டை எட்டியது.

இளவரசரின் செயலர் கான்ஸ்டன்டைன் ஹைகன்ஸ், இளம் ரெம்பிராண்டும் நண்பர் லீவன்ஸும் இத்தாலிக்குப் போக மறுத்ததைக் குறையாகவே பதிவு செய்திருக்கிறார். நல்ல இத்தாலிய ஓவியங்களை ஹாலந்திலேயே பார்க்க முடிகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். அந்தப் பதிலை வெறும் இளமைத் திமிர் என்று நான் நினைக்கவில்லை. உலகம் அச்சாகி வீடு தேடி வருவதை உணர்ந்த முதல் தலைமுறைகளில் ஒன்று அவர்களுடையது.

ஆனால் வோர்ஸ்டர்மனின் தாளில் நிறம் கிடையாது. ரூபன்ஸின் கொழுந்துவிடும் சிவப்பு ரெம்பிராண்டுக்கு எட்டவில்லை. கருப்புக் கோடுகள்தான் எட்டின. அந்த இடைவெளியில்தான் அவர் தன்னைக் கண்டுகொண்டார் என்பது என் எண்ணம். சுற்றிலும் இருளை நிரப்பி, ஒளியை உடலின் மீதும் துணியின் மீதும் மட்டும் விழவிட்டார். ரூபன்ஸின் கிறிஸ்து இறந்தும் வீரனின் உடலோடு இருக்கிறார். ரெம்பிராண்டின் கிறிஸ்துவோ துவண்டு சரியும் வெறும் பாரம். ரூபன்ஸிடம் நின்றபடி கைநீட்டும் மரியா இங்கே தரையில் மயங்கிக் கிடக்கிறார். ஏணியில் நீல உடையோடு நின்று கிறிஸ்துவின் கையைப் பற்றியிருப்பவருக்கு ரெம்பிராண்ட் தன் முகத்தையே கொடுத்தார். பிறர் அமைத்த காட்சிக்குள் தானும் சுமக்க வந்தவராக நுழைகிறார். இதை நகல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

1633இல் அவர் தன் ஓவியத்தையே பெரிய செதுக்குப்படமாக்கினார். கோடுகளை அரிக்கும் அமிலத்தில் முதல் தகடு பழுதாக, இரண்டாவது தகட்டைத் தயாரித்து, ரூபன்ஸைப் போலவே உரிமைக் குறிப்பும் பொறித்தார். 1656இல் கடனில் மூழ்கியபோது எடுக்கப்பட்ட உடைமைப் பட்டியலில் தொகுதி தொகுதியாக அச்சுப்படங்கள் வருகின்றன. அதே பத்தாண்டில் முகலாயச் சிற்றோவியங்களையும் பார்த்து வரைந்தார். பிறகு அவருடைய தாளும் இன்னொரு ஓவியரை எட்டியது: 1890இல் வான்கோ, ரெம்பிராண்டின் ‘லாசரஸ் உயிர்த்தெழல்’ செதுக்குப்படத்தின் ஒரு பகுதியை வண்ணத்தில் தீட்டினார். அதில் கிறிஸ்துவை நீக்கி, சூரியனை வைத்தார்.

தாளிலிருந்து ஓவியத்துக்கு வரும் இந்தத் தொடர்ச்சி இன்று பார்வையாளர் கண்ணுக்குப் படுவதில்லை. வெளிச்சம் தாளைக் கெடுக்கும் என்பதால் அச்சுப்படங்கள் காப்பறையில் கிடக்கின்றன. ஓவியங்கள் கூடத்தில் தனியே தொங்குகின்றன. வோர்ஸ்டர்மன் தாளின் நல்ல மறுபதிப்பு ஒன்றை மியூனிக் பலகையின் அருகிலேயே நிரந்தரமாக மாட்டலாம். செலவு அற்பம். ரெம்பிராண்ட் எதை எடுத்தார், எதை மாற்றினார் என்பதைப் பார்ப்பவரே கண்டுகொள்வார்.