ஆற்றில் ஆளை நிறுத்த முடியாது

எழுபது வயதுக்கு மேல் புதிதாக ஓர் ஆட்டம் கற்றுக்கொள்வது வீண் வேலை என்று நம் வயதுக்காரர்கள் பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அதிலும் நிலம் நீச்சு வைத்திருப்பவர்கள், தோப்பை மனையாகப் பிரித்து விற்கலாமா என்று யோசிப்பவர்கள், ஒரு முறையாவது ஆடிப் பார்க்க வேண்டிய ஆட்டம் ஒன்று உண்டு. அதன் பெயர் கார்க்கசோன். விடுமுறைக்கு வந்த பேத்தி எனக்குக் கற்றுக்கொடுத்தாள்.

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவனுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. தெற்கு பிரான்சில் மதில் சூழ்ந்த பழைய ஊர் அது. ஷார்ல்மாஞ் மன்னன் முற்றுகை போட்டபோது, கார்க்கா என்ற சீமாட்டி மிஞ்சியிருந்த கோதுமையை ஒரு பன்றிக்குத் தின்னக் கொடுத்து, அதை மதிலுக்கு வெளியே வீசச் சொன்னாளாம். பன்றிக்கே கோதுமை போடுகிறார்கள் என்றால் உள்ளே எவ்வளவு இருக்குமோ என்று மன்னன் முற்றுகையை விலக்கிவிட்டானாம். கதைதான், ஆனால் நல்ல கதை. 1849ல் அந்த மதிலை இடித்துவிட அரசாங்கம் முடிவு செய்தது. ஊர்க்காரர்கள் விடவில்லை. 1853 முதல் வியோலே-லெ-துக் என்ற கட்டடக் கலைஞர் அதைப் பழுது பார்த்து நிறுத்தினார்.

அந்த ஊரின் பெயரில் ஜெர்மன்காரர் ஒருவர் உருவாக்கிய ஆட்டம் 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. மொத்தம் 72 சதுர அட்டைகள். ஒவ்வொன்றிலும் சாலை, வயல், கோட்டைச் சுவர் என்று துண்டு துண்டாகப் படம். ஒன்றை நடுவில் வைத்துவிட்டு, ஆளுக்கு ஒன்றாக எடுத்து ஒட்டி ஒட்டி வைத்துக்கொண்டே போக வேண்டும். கடைசியில் மேசை மேல் ஓர் ஊர் எழுந்து நிற்கும். ஐந்து பேர் வரை ஆடலாம் என்றாலும் இரண்டு பேர் ஆடுவதில்தான் ருசி. முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

முக்கியமான விதி ஒன்றுதான். அட்டையின் விளிம்பு பக்கத்து அட்டையோடு பொருந்த வேண்டும். சாலைக்குச் சாலை, வயலுக்கு வயல், சுவருக்குச் சுவர். எங்கும் பொருந்தாத அட்டையை வைக்க முடியாது, ஒதுக்கிவிட வேண்டும்.

வைத்த அட்டையில் நம் ஆள் ஒருவனை நிறுத்தி, அந்தச் சாலையோ கோட்டையோ என்னுடையது என்று சொல்லிக்கொள்ளலாம். கையில் இருப்பது ஏழு ஆள்தான். கோட்டை முடிந்தால் அட்டைக்கு இரண்டு புள்ளி, ஆளும் கைக்குத் திரும்புவான். வயலில் படுக்க வைத்த குடியானவன் மட்டும் ஆட்டம் முடியும் வரை எழுந்திருக்க மாட்டான். கடைசிக் கணக்கில்தான், அவன் வயலை ஒட்டி எழுந்த ஒவ்வொரு கோட்டைக்கும் மூன்று புள்ளி. குடியானவன் பிழைப்பைத் தெரிந்துகொண்டு எழுதியது போல இருக்கிறது.

இரண்டு பேர் ஆடும்போது ஒரு குறும்பு உண்டு. எதிராளியின் கோட்டைக்குப் பக்கத்தில் வேண்டுமென்றே ஏடாகூடமாக ஓர் அட்டையை வைத்தால், நடுவில் விழுந்த ஓட்டைக்கு எந்த அட்டையும் பொருந்தாது. அவர் ஆள் உள்ளேயே மாட்டிக்கொள்வான். பேத்தி இதில் கெட்டிக்காரி. இதற்கு நேர்மாறான வழியும் இருக்கிறது. அவர் கோட்டையோடு நம் கோட்டையை இணைத்து, இருவருக்கும் ஆள் சமமாக இருந்தால் இருவருக்குமே முழுப் புள்ளி. பாதிப் பாதி அல்ல, முழுசு. நம் தாயத்திலும் ஆடுபுலியிலும் இந்த வழி கிடையாது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் தென்னையை எல்லாம் சாய்த்துவிட்டுப் போனது. அதன் பிறகு தோப்பு இருந்த சில இடங்களில் மனைக்கல் முளைத்திருக்கிறது. விற்றவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளை போல வளர்த்த மரம் ஒரே இரவில் படுத்துவிட்டால் மனுஷன் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பான்? என் குறையெல்லாம் விளிம்பைப் பற்றியது. ஒரு மனைப்பிரிவின் 23 அடித் தெரு நேராகப் போய் அடுத்த மனைப்பிரிவின் சுற்றுச்சுவரில் முட்டி நிற்கிறது. ஆம்புலன்ஸ் வந்தால் பின்னாலேயே வர வேண்டும். 1971லேயே நகர் ஊரமைப்புச் சட்டம் வந்துவிட்டது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று 2016ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. 2017ல் வரன்முறை விதிகள் வந்தன. கட்டணம் கட்டினால் மனையை வரன்முறை செய்து கொடுப்பார்கள். சுவரில் முட்டிய தெருவுக்கு எந்தக் கவுன்டரில் பணம் கட்டுவது?

புதுச்சேரியை 1761ல் ஆங்கிலேயர் தரைமட்டமாக்கினார்கள். ஊர் கைக்குத் திரும்பியதும் பிரெஞ்சுக்காரர்கள் பழைய அஸ்திவாரத்தின் மேலேயே, பழைய தெருக்கோடு மாறாமல் கட்டினார்கள். இன்றும் அங்கே ஒரு தெருவில் நின்று பார்த்தால் மறுகோடி தெரியும்.

இந்த ஆட்டத்தில் ‘ஆறு’ என்று 12 அட்டைகள் தனியாக உண்டு. அவற்றைச் சேர்த்து ஆடினால், வேறெந்த அட்டையையும் தொடும் முன் ஆற்றைத்தான் வைத்து முடிக்க வேண்டும். முதலில் ஊற்று, கடைசியில் ஏரி. நடுவில் அறுபடக் கூடாது. அதன் பிறகுதான் சாலையும் கோட்டையும். ஆற்றின் மேல் யாரும் ஆளை நிறுத்த முடியாது. நம் வருவாய்த்துறை மொழியில் சொன்னால் அது நீர்நிலைப் புறம்போக்கு. ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007ல் தனிச் சட்டம் போட்டும் நம்மால் செய்ய முடியாததை, பத்து வயதுப் பிள்ளைகள் கேள்வி கேட்காமல் மேசை மேல் செய்கிறார்கள். நம் பக்கத்தில் ஊரணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்து வாரிகள் எத்தனை வீட்டு அஸ்திவாரத்துக்குள் போய்விட்டன என்று உங்களுக்கே தெரியும். குளத்தைத் தூர்வாருகிறோம், கரையைப் பலப்படுத்துகிறோம், போட்டோவும் எடுக்கிறோம். தண்ணீர் வரும் வழியை மட்டும் கேட்பதில்லை.

கடையில் வாங்கினால் விலை கூடுதல். நாங்கள் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளைச் சதுரமாக வெட்டி, பின்பக்கம் ஸ்கெட்ச் பேனாவால் வரைந்துகொண்டோம். ஆளுக்குப் பதில் எனக்குப் புளியங்கொட்டை, பேத்திக்குக் குன்றிமணி. ஆற்றுக்குப் பதில் வாரி வரைந்தோம், ஏரிக்குப் பதில் ஊரணி. எந்தப் படம் எத்தனை அட்டை என்று ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். வேண்டுபவர்கள் வீட்டுக்கு வந்தால் பார்த்து எழுதிக்கொள்ளலாம். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் என்றால் ஓர் ஆட்டமும் போடலாம்.