விடுதிச் சோறும் தொழிலாளர் உரிமையும்

2021 டிசம்பரில், திருப்பெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் தயாரிக்கும் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில், கெட்ட உணவை உண்டு 250-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழியரின் நிலை குறித்து நம்பத்தகுந்த தகவல் கிடைக்காத நிலையில், டிசம்பர் 17 இரவு அப்பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். காவல்துறை அவர்களில் பலரைப் பிடித்துச் சென்றது. ஆனால் மறியல் வீண் போகவில்லை. ஆலை மூடப்பட்டது; சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தனது தரத்திற்கு ஏற்றவையாக இல்லை என ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது.

நவி மும்பையின் நெருள் முதல் செம்பூர், தாராவி வரை, ஓர் அறையில் பலராகத் தங்கி மெஸ் சாப்பாட்டை நம்பி வாழும் தமிழ்த் தொழிலாளருக்கு இது தொலைதூரச் செய்தி அன்று. காலையில் வடித்த சோறும் குழம்பும் வெப்பத்தில் மணிக்கணக்கில் கிடந்தால் கிருமிகள் பெருகுகின்றன. சில கிருமிகள் உமிழும் நஞ்சு, மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. உண்ட சில மணி நேரத்திலேயே வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கிவிடும்.

உடலின் நீரும் உப்பும் வற்றுவதே பெரும் ஆபத்து. அதற்கான மருந்து எளியது: காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, அல்லது ஓஆர்எஸ் பொட்டலம் ஒன்று. சிறிது சிறிதாக, அடிக்கடி பருக வேண்டும். 1971-இல் வங்கதேச அகதிகள் நிறைந்த பன்காவ் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இத்தகைய கரைசலை வாயால் பருகச் செய்தார். சுமார் 30 விழுக்காடாக இருந்த இறப்பு 4 விழுக்காட்டிற்கும் கீழே இறங்கியது. எனினும் மலத்தில் இரத்தம், கடுங்காய்ச்சல், நீரும் தங்காத வாந்தி, சிறுநீர் குறைதல், மயக்கம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோர் விஷயத்தில் தாமதம் கூடவே கூடாது. மருந்துக்கடையில் தாமாக ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குவதும் தவறு.

கரைசல் உயிரைக் காக்கும், சமையலறையைத் திருத்தாது. 250-க்கும் மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஆலைகளில் உணவகம் அமைக்கவும், அதன் நிர்வாகத்தில் தொழிலாளர் பிரதிநிதிகள் இடம்பெறவும் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே வழிவகுத்தது. அந்த உரிமை ஆலை வாசலோடு நின்றுவிடுகிறது. உழைப்பைப் போலவே உறைவிடமும் உணவும் ஒப்பந்தக்காரர் கைக்குப் போனபின், முதலாளி பொறுப்பிலிருந்து நழுவிக்கொள்கிறார்.

எனவே, ஒவ்வொரு தொழிலாளர் விடுதியிலும் தங்கியிருப்போரே தேர்ந்தெடுக்கும் உணவுக் குழு வேண்டும். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளின் ஆய்வு அறிக்கை விடுதிச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். நோயுற்ற நாட்களுக்கு முழு ஊதியமும் சிகிச்சைச் செலவும் முதன்மை நிறுவனமே ஏற்க வேண்டும். இக்கோரிக்கைகளைத் தோழர்கள் தத்தம் பகுதி விடுதிகளுக்கும் மெஸ்களுக்கும் எடுத்துச் செல்லட்டும். திருப்பெரும்புதூர்ப் பெண்கள் நடுச்சாலையில் அமர்ந்த பிறகே சமையலறைக் கதவு திறந்தது என்பதை மறக்கலாகாது.